வராத தரவுக்கு ஆயத்தம்: ஆஸ்திரேலியாவில் விண்வெளி ஈர்ப்பலை ஆய்வுப் பணி

லிசா எனப்படும் விண்வெளி ஈர்ப்பலைக் கருவிக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரி 25 அன்று இறுதி ஒப்புதல் அளித்தது. ஏவும் ஆண்டு 2035 என்று குறிக்கப்பட்டுள்ளது. மூன்று விண்கலங்களும் சூரியனைச் சுற்றும் தத்தம் பாதையை அடைய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடிக்கும் என்பதாலும், அதன் பிறகு கருவிகளைச் சரிபார்க்க மேலும் சில மாதங்கள் வேண்டும் என்பதாலும், ஆய்வுக்கு ஏற்ற தரவு 2037-க்கு முன் பூமிக்கு வந்து சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அத்தரவை அலசப்போகும் தலைமுறைக்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் தரும் பணி ஒப்பந்தங்களோ பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுபவை. 2026-இல் மெல்பர்னில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் ஒருவர் 2029 அல்லது 2030-இல் பட்டம் பெறுவார். லிசாவின் முதல் தரவைப் பார்க்க அவர் மேலும் ஏழெட்டு ஆண்டுகள், அதாவது மூன்று நான்கு ஒப்பந்தக் காலங்கள், துறையில் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். கருவியின் காலமும் மனிதரின் பணிக்காலமும் இவ்வளவு விலகி நிற்கும் ஒரு துறையில் ஆய்வை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வது எப்படி என்ற கேள்விக்கு, ஈர்ப்பலைகளைக் கண்டறியும் அளவுக்குப் பெரிய லேசர் கருவி சொந்தமாக இல்லாத ஆஸ்திரேலியா, யாரும் முன்கூட்டித் திட்டமிடாமலேயே ஒரு விடையைக் கண்டடைந்திருக்கிறது. அங்குள்ள தரவாய்வாளர்களின் தொழில், எந்தவொரு கருவியையும்விட, இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரிக்கும் கணித முறைகளின்மீதே கட்டப்பட்டிருக்கிறது. அம்முறைகள் தரைக் கருவிகளுக்கும் துடிப்பு விண்மீன்களுக்கும் விண்வெளிக் கருவிக்கும் இடையே இடம்பெயரக்கூடியவை.

பெருநிறைப் பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போதும் மோதி இணையும்போதும் காலவெளியில் எழுந்து ஒளியின் வேகத்தில் பரவும் அதிர்வே ஈர்ப்பலை. சுற்றும் பொருள்களின் நிறையும் இடைவெளியும் பெருகப் பெருக அலையின் அதிர்வெண் குறைகிறது. அதனால் ஒவ்வோர் அதிர்வெண் பட்டைக்கும் ஒவ்வொரு வகைக் கருவி வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளோடு இயங்கும் லைகோ, ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ் முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலையைப் பதிவுசெய்தது அதுவே. 10 ஹெர்ட்ஸுக்கும் கீழே நில அதிர்வும், மண்ணும் காற்றும் இடம் மாறுவதால் ஈர்ப்பு விசையில் நேரும் சிறு மாற்றங்களும் சமிக்ஞையை விழுங்கிவிடுவதால், ஒரு மில்லிஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளைப் பிடிக்க விண்வெளிக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அலையின் ஒரு சுழற்சிக்கே பல ஆண்டுகள் எடுக்கும் நானோஹெர்ட்ஸ் பட்டைக்குச் சூரிய மண்டலமே போதாது; அங்கு விண்மீன்கள் கருவியின் பகுதிகளாகின்றன.

லிசாவின் மூன்று கலங்கள் 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு முக்கோணமாக, பூமிக்குப் பின்னால் ஏறத்தாழ ஐந்து கோடி கிலோமீட்டர் தள்ளிச் சூரியனைச் சுற்றும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் தங்கமும் பிளாட்டினமும் கலந்த 46 மில்லிமீட்டர் கனசதுரங்கள் எதன்மீதும் படாமல் மிதக்க, கலங்களுக்கிடையே செல்லும் லேசர் ஒளி அவற்றின் தொலைவில் நேரும் பிக்கோமீட்டர் அளவிலான, அதாவது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான, மாற்றங்களை அளக்கும். 2015 டிசம்பர் 3 அன்று ஏவப்பட்ட லிசா பாத்ஃபைண்டர் என்னும் முன்னோடிக் கலம் அத்தகைய கனசதுரங்களை வேண்டிய அமைதியில் மிதக்கவிட முடியும் என்று காட்டியது. ஆனால் லேசர்களின் அதிர்வெண் ஓயாமல் தடுமாறுவதால் எழும் இரைச்சல், தேடப்படும் ஈர்ப்பலையைவிடக் கோடி மடங்கு அளவில் பெரியது. தரைக் கருவியில் இரு கைகளும் சம நீளம் என்பதால் இந்த இரைச்சல் தானே கழிந்துவிடும். விண்வெளியில் கைகளின் நீளம் சமமாகவும் இராது, நிலையாகவும் இராது. எனவே லிசாவிலிருந்து நேரடியாக வரும் தரவை வரைந்து பார்த்தால், அதில் லேசரின் தடுமாற்றத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. இக்கருவி ஈர்ப்பலைக் கருவியாக ஆவது பூமியில், கணினிக்குள்தான்.

இதைச் செய்யும் முறைக்குக் காலத்தாமதக் குறுக்கீட்டு முறை என்று பெயர். வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு கலத்தில் பதிவான அளவுகளை, ஒரு கையைக் கடக்க ஒளி எடுக்கும் எட்டு நொடிச் சொச்சத்தின் மடங்குகளால் தள்ளிவைத்துக் கூட்டியும் கழித்தும், லேசர் இரைச்சல் மட்டும் மறைந்துபோகும் சேர்க்கைகளைக் கண்டுபிடிப்பதே அதன் சாரம். மாசிமோ டின்டோவும் அவருடைய அமெரிக்கச் சகாக்களும் 1999-இல் இதற்கு வடிவம் தந்தனர். புனேயில் உள்ள வானியல், வானியற்பியல் பல்கலைக்கழகங்களுக்கிடை மையத்தின் சஞ்சீவ் துரந்தர், ராஜேஷ் நாயக், பிரான்சின் ழான்-ஈவ் வினே ஆகியோர் 2002-இல், இச்சேர்க்கைகள் அனைத்தும் பரிமாற்று இயற்கணிதத்தின் ஓர் அமைப்புக்குள் அடங்குகின்றன என்றும், கிரோப்னர் அடி எனப்படும் கணிதக் கருவியால் அவற்றை முழுமையாகக் கட்டியெழுப்ப முடியும் என்றும் நிறுவினர். ஆஸ்திரேலியாவின் பங்கு இதற்கு அடுத்த படியில் வருகிறது. கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அப்போது பணியாற்றிய டேனியல் ஷாடக், 2003-இல் கலங்கள் நகர்ந்துகொண்டிருப்பதையும் கணக்கில் கொள்ளும் சேர்க்கைகளைச் சகாக்களுடன் வகுத்தார். 2004-இல், அளவுகளை மிகத் துல்லியமான தாமத நேரத்தில் கலத்திலேயே எடுக்கவேண்டிய அவசியமில்லை, சீரான இடைவெளியில் எடுத்து அனுப்பிவிட்டு இடைப்பட்ட மதிப்புகளைப் பூமியில் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று அவரும் வேறு மூவரும் காட்டினர். வன்பொருளின் தோளில் இருந்த ஒரு பாரத்தைத் தரவாய்வின் தோளுக்கு மாற்றிய ஆய்வு என்று அதைச் சொல்லலாம். கருவி உருவாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தரவாய்வாளர் அதன் வடிவமைப்பில் கைவைக்க முடிந்தது என்பது, இத்தொழிலின் இயல்பைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும் செய்தி.

லேசர் இரைச்சல் நீங்கிய பின் எஞ்சுவது அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. நம் பால்வீதியில் மட்டும் கோடிக்கணக்கான வெள்ளைக் குள்ளன் இணைகள், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின் இணைகள், லிசாவின் பட்டையில் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. எச்எம் கேன்க்ரி என்னும் இணை 321 நொடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருவதால், அதன் ஈர்ப்பலை ஆறு மில்லிஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே எங்கு இருக்கும் என்பது இப்போதே தெரியும். இவ்வாறு பிரித்தறியத்தக்கவை பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. மற்றவை ஒன்றோடொன்று கலந்து தாமே ஓர் இரைச்சலாகிவிடும். எத்தனை மூலங்கள் உள்ளன என்பதே தெரியாத நிலையில், மூலங்களின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றின் இடம், நிறை, தொலைவு ஆகியவற்றையும், கருவியின் இரைச்சலையும் ஒரே நேரத்தில் மதிப்பிட்டாக வேண்டும். இதை முழுமைப் பொருத்தம் என்கிறார்கள். மாறிகளின் எண்ணிக்கையே மாறிக்கொண்டிருக்கும் இத்தகைய கணக்குகளுக்குப் பயன்படும் தாவல் முறையை 1995-இல் வகுத்தவர் புள்ளியியலாளர் பீட்டர் கிரீன். பிரிஸ்டலிலும் பின்னர் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்த அவர் ஈர்ப்பலையை மனத்தில் வைத்து அதை எழுதவில்லை. 2006 முதல் லிசாக் குழுவினர் செயற்கைத் தரவுக்குள் சமிக்ஞைகளை ஒளித்துவைத்துத் தேடச்சொல்லும் சவால்களை நடத்திவருகிறார்கள். ஒரு மாணவர் இத்துறைக்குள் நுழைய அதைவிட நேரான வாசல் இன்றைக்கு வேறில்லை.

ஆஸ்திரேலியா தரவாய்வில் இவ்வளவு ஊன்றியதற்குப் பின்னால் ஓர் இழப்பும் உண்டு. லைகோவுக்காகச் செய்யப்பட்ட மூன்றாவது கருவியை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜின்ஜின் என்னும் இடத்தில் நிறுவலாம் என்று 2010-இல் அமெரிக்கத் தரப்பு முன்வந்தது. குறித்த கெடுவான 2011-க்குள் ஆஸ்திரேலிய அரசு நிதி ஒதுக்க முன்வராததால் அவ்வாய்ப்பு கைநழுவியது. அதே கருவிதான் இந்தியாவின் பக்கம் திரும்பி, 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்று, மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்துக்கு வரவிருக்கிறது. கருவி போனாலும் அதற்காகத் திரண்ட ஆட்கள் போகவில்லை. 2017-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றம் ஏழு ஆண்டுகளுக்கு 3 கோடியே 13 லட்சம் டாலர் தந்து, மெல்பர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகவும் மேத்யூ பெய்ல்ஸை இயக்குநராகவும் கொண்டு ஓஸ்கிராவ் என்னும் ஈர்ப்பலை மையத்தை நிறுவியது. 2024-இல் அது மேலும் ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. மூன்றாண்டு நிதிக்குப் பழகிய ஒரு நாட்டில் தொடர்ச்சியாகப் பதினான்கு ஆண்டுகள் என்பது அசாதாரணமானது. மெல்பர்ன் இத்துறையின் ஓர் உலகத் தலைநகராக ஆனதற்குத் தனிமனிதத் திறமையைப் போலவே இந்த நிதிக்கால நீளமும் காரணம் என்றே கொள்ள வேண்டும்.

மெல்பர்னின் தென்கிழக்கில் கிளேட்டனில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பால் லாஸ்கி, எரிக் திரேன் ஆகியோரின் குழு, கிரெகரி ஆஷ்டனின் முன்னெடுப்பில் 2019-இல் வெளியிட்ட பில்பி என்னும் திறமூல மென்பொருள், ஆஸ்திரேலியப் பாலைநிலத்துச் சிறுவிலங்கு ஒன்றின் பெயரைத் தாங்கியது. பேயஸ் முறை எனப்படும் நிகழ்தகவு வாதத்தின்படி, தரவைப் பார்ப்பதற்கு முன் ஒரு மதிப்பைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்தைத் தரவின் சான்றோடு சேர்த்து, பின்னர் கொள்ளத்தக்க கருத்தாக மாற்றித் தருவது அதன் வேலை. லைகோ கூட்டமைப்பின் அதிகாரபூர்வப் பட்டியல்களில் வரும் கருந்துளைகளுள் பலவற்றின் நிறையும் சுழற்சியும் இதன் வழியாகக் கணிக்கப்பட்டவை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லி ஹோயும் லாரா நட்டலும் அதே மென்பொருளை லிசாவின் தரவுக்கு ஏற்ப விரித்துள்ளனர். தரைக் கருவிக்காகக் கிளேட்டனில் எழுதப்பட்ட நிரல் இவ்வாறு விண்வெளித் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டது.

பார்க்வில்லில் உள்ள மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கதை வேறு விதமானது. வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் தன் சுழலச்சைச் சுற்றி முற்றிலும் சமச்சீராக இல்லையென்றால், அது ஓயாமல் ஒரே சுருதியில் மெல்லிய ஈர்ப்பலையை வெளியிடும். ஆனால் சுழற்சி சற்றே அலைபாய்வதால் அந்தச் சுருதியும் நகரும். அதைப் பின்தொடர, இயற்பியலாளர் ஆண்ட்ரூ மெலாடோஸ், சோபியா சுவோரோவா, வில்லியம் மோரன், ராபின் எவன்ஸ் ஆகிய சமிக்ஞைப் பொறியியலாளர்களுடனும் அப்போது மாணவியாக இருந்த லிங் சன்னுடனும் சேர்ந்து, 1967-இல் ஆண்ட்ரூ விடர்பி தொலைத்தொடர்புக்காக வகுத்த வழிமுறையை 2016-இல் ஈர்ப்பலைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கணத்திலும் அதிர்வெண் எங்கிருந்து எங்கு நகர்ந்திருக்கக்கூடும் என்ற எல்லாப் பாதைகளிலும் மிகச் சாத்தியமானதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முன்னேறும் இவ்வழிமுறை, கைப்பேசிகளில் பிழைநீக்கத்துக்கு நெடுநாளாகப் பயன்படுவது. இத்தகைய தேடலில் இதுவரை எந்த நியூட்ரான் விண்மீனும் பிடிபடவில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மெல்லிய சமிக்ஞையைத் தேடிப் பழகியவர்கள், வெள்ளைக் குள்ளன் இணைகள் நிறைந்த லிசாவின் தரவுக்கு, நொடிப்பொழுது மோதல்களில் மட்டும் பழகியவர்களைவிட நெருக்கமானவர்கள் என்று சொல்வதில் தவறிருக்காது.

இரைச்சலைப் பற்றிய ஆய்வு எப்படி ஒரு முழுநேரத் தொழிலாகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது, சிட்னிக்கு மேற்கே நியூ சவுத் வேல்ஸின் ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே நிற்கும் பார்க்ஸ் தொலைநோக்கியின் கதை. 64 மீட்டர் விட்டமுள்ள அத்தொலைநோக்கிக்கு 2020-இல் விராஜூரி மொழியில் முரியாங் என்ற பெயரும் சூட்டப்பட்டது. அதை இயக்கும் சிஎஸ்ஐஆர்ஓ என்னும் தேசிய அறிவியல் அமைப்பின் வானியல் பிரிவு சிட்னியின் மார்ஸ்ஃபீல்டில் இருக்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்று, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு ரேடியோத் துடிப்பைப் பூமிக்கு அனுப்பும் துடிப்பு விண்மீன்களை 2004 முதல் அது சில வாரங்களுக்கு ஒருமுறை கவனித்துவருகிறது. பெருங்கருந்துளை இணைகள் பிரபஞ்சம் முழுவதிலுமிருந்து அனுப்பும் நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பலைகள் பூமியைக் கடக்கும்போது, துடிப்புகள் வந்து சேரும் நேரம் நானோநொடிக் கணக்கில் முந்தியும் பிந்தியும் மாற வேண்டும். அம்மாற்றம் எந்த இரு விண்மீன்களுக்கிடையே எவ்வளவு ஒத்துப்போகும் என்பது வானில் அவற்றுக்கிடையே உள்ள கோணத்தைப் பொறுத்தது என்று ஹெல்லிங்ஸ், டவுன்ஸ் இருவரும் 1983-இல் காட்டினர். ஈர்ப்பலையின் கையொப்பம் அந்தக் கோணச் சார்பே. நேர மாற்றம் மட்டும் எதையும் நிறுவாது, ஏனெனில் அதை உண்டாக்கக்கூடியவை ஏராளம். பூமியின் கடிகாரம் பிசகினால் எல்லா விண்மீன்களும் ஒன்றாக ஆடும்; வியாழனின் பாதை சற்றுத் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தால் வானின் ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்தும்; விண்மீனிடை வெளியின் மின்மங்கள் துடிப்பைத் தாமதப்படுத்தும்; சில விண்மீன்கள் தாமாகவே தடுமாறும்.

பார்க்ஸின் ஆய்வாளர்களுக்கு எச்சரிக்கை வானிலிருந்து மட்டும் வரவில்லை. 1998 முதல் அங்கு அவ்வப்போது பதிவாகி, தொலைவிலிருந்து வருவதுபோலத் தோன்றிய ஒருவகை ரேடியோ வெடிப்புகள், உணவு சூடாகி முடியும் முன்பே மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறப்பதால் எழுந்தவை என்று 2015-இல் நிறுவிய குழுவின் தலைவர் எமிலி பெட்ரோஃப், அப்போது ஸ்வின்பர்னின் முனைவர் பட்ட மாணவி. வேடிக்கையாகச் சொல்லப்படும் இச்செய்தியில் மறந்துபோவது, அதைக் கண்டுபிடிக்க அவர்கள் ஒரு முறையான சோதனையை வடிவமைக்க வேண்டியிருந்தது என்பதும், அதுவும் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதியாக மதிக்கப்பட்டது என்பதும்தான்.

அதே 2015-இல் ரையன் ஷானன் தலைமையிலான பார்க்ஸ் குழு, 11 ஆண்டுத் தரவைக் கொண்டு, நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பலைப் பின்னணியின் வீச்சு ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் அறிவித்தது; கருந்துளைகள் எப்படி இணைகின்றன என்பதைப் பற்றிய பல கணிப்புகள் அதனால் கேள்விக்குள்ளாயின. ஆனால் 2020 முதல், துடிப்பு விண்மீன்களைக் கவனிக்கும் அமெரிக்கக் குழு தொடங்கி ஒவ்வொருவரும் அந்த வரம்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு வீச்சுள்ள ஒரு பொது ஏற்ற இறக்கத்தைத் தம் தரவில் காணத் தொடங்கினர். இடைப்பட்ட காலத்தில், சூரிய மண்டலத்தின் நிறைமையம் எங்கே இருக்கிறது என்பதில் உள்ள ஐயத்தைக் கணக்கில் எடுத்தால் இத்தகைய வரம்புகள் எல்லாமே தளர்ந்துவிடும் என்பது தெரியவந்தது. 2021-இல், மோனாஷில் முனைவர் பட்டம் பெற்றிருந்த போரிஸ் கொன்சரோவ் தலைமையில் பார்க்ஸ் தரவு மீண்டும் அலசப்பட்டபோது அதே ஏற்ற இறக்கம் அங்கும் கிடைத்தது. ஆனால் அக்கட்டுரையின் சிறப்பு, இரைச்சலைப் பற்றிய முன்கருத்து பொருந்தாமல் போனால் இல்லாத பொதுச் சமிக்ஞைகூட இருப்பதாகத் தோன்றும் என்று அது சேர்த்தே எச்சரித்ததில் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் பயின்று மார்ஸ்ஃபீல்டில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஜிக், 2022-இல் செயற்கைத் தரவைக் கொண்டு அந்த எச்சரிக்கை வெறும் கோட்பாட்டளவிலானது அல்ல என்று காட்டினார்.

2023 ஜூன் இறுதியில் உலகக் குழுக்கள் ஒரே நாளில் தம் முடிவுகளை வெளியிட்டபோது, பார்க்ஸ் குழுவிலிருந்து வந்த மூன்று முதன்மைக் கட்டுரைகளுள் ஒன்று தரவைப் பற்றியது, மற்றொன்று முழுக்க முழுக்க இரைச்சலைப் பற்றியது. ஈர்ப்பலை எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு விண்மீனின் தடுமாற்றத்தையும் எவ்வளவு தூரம் விளக்க முடியும் என்று ஸ்வின்பர்னின் டேனியல் ரியர்டன் அதில் ஆராய்ந்தார். தேடல் முடிவைச் சொல்லும் மூன்றாவது கட்டுரை, 30 விண்மீன்களின் 18 ஆண்டுத் தரவில் ஹெல்லிங்ஸ்-டவுன்ஸ் கோணச் சார்பு தற்செயலாகத் தோன்றியிருக்க நூற்றில் இரண்டு வரை வாய்ப்பு உண்டு என்று நிதானமாகக் குறிப்பிட்டதோடு, பொது ஏற்ற இறக்கத்தின் வீச்சு தரவின் முற்பகுதியில் குறைவாகவும் பிற்பகுதியில் மிகுதியாகவும் தெரிகிறது என்ற சங்கடமான செய்தியையும் மறைக்கவில்லை. அமெரிக்கக் குழுவின் அறிக்கை இதைவிட உறுதியானது. செய்தித்தாள்களில் இடம்பிடித்ததும் அதுவே. ஆனால் எட்டே ஆண்டுகளில், "இல்லை" என்பதிலிருந்து "இருக்கலாம்" என்பதற்கு ஒரே தொலைநோக்கியின் தரவு நகர்ந்த விதத்தை ஆவணப்படுத்திய வகையில், லிசாவுக்காகத் தயாராகும் மாணவர் முதலில் படிக்க வேண்டியவை பார்க்ஸ் கட்டுரைகளே. லிசாவிலும் இரைச்சல் தனியாக அளந்து பார்க்கக் கிடைக்காது. சமிக்ஞைகள் ஒரு கணமும் ஓயாததால், கருவியின் இரைச்சலை மட்டும் தனியாக யாரும் ஒருபோதும் கேட்கப்போவதில்லை.

இத்தகைய பணிக்குள் நுழையும் வழி ஆஸ்திரேலியாவில் ஓரளவு சீரானது. இளநிலைப் பட்டத்துக்குப் பின் ஹானர்ஸ் எனப்படும் ஓராண்டு ஆய்வுப் படிப்பு அல்லது முதுநிலைப் பட்டம். அதன் பின் மூன்றரை ஆண்டளவில் முனைவர் பட்டம். அமெரிக்காவைப் போல முதலிரு ஆண்டுகள் வகுப்பறையில் கழிவதில்லை. மாணவர் முதல் மாதத்திலேயே ஆய்வில் இறங்குகிறார். ஆராய்ச்சிப் பயிற்சித் திட்டம் எனப்படும் ஒன்றிய அரசின் உதவித்தொகை, கிடைத்தவர்களுக்குக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதில் இடமுண்டு, ஆனால் போட்டி கடுமையானது. பட்டத்துக்குப் பின் லெவல் ஏ என்று குறிக்கப்படும் ஒப்பந்த ஆய்வாளர் பணி. அதிலிருந்து, பட்டம் பெற்ற ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டிய டெக்ரா என்னும் மூன்றாண்டு நல்கை. பின்னர் நான்காண்டு ஃபியூச்சர் ஃபெல்லோஷிப். ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைகிறார்கள். இதில் தரவாய்வாளருக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு: ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் தாங்கிய கண்டுபிடிப்புக் கட்டுரையில் தன் பங்கு எது என்று அவரால் தனித்துக் காட்ட முடியாது, அவர் எழுதிய நிரலை உலகமே பயன்படுத்தினாலும், அதைப் பராமரிக்கும் உழைப்பை நல்கைக் குழுக்கள் ஆய்வாக எண்ணுவது அரிது. பில்பியைப் போல மென்பொருளுக்கே ஒரு கட்டுரை எழுதி அதை மேற்கோள் காட்டச் செய்யும் வழக்கம், ஓரளவு இக்குறையைத் தீர்க்க எழுந்ததே.

துறையை விட்டு வெளியேறுவோரைத் தோற்றவர்களாகக் கணக்கிடும் பழக்கம் பல்கலைக்கழகங்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. ஈர்ப்பலை ஆய்வைப் பொறுத்தவரை அக்கணக்கு பொருந்துவதில்லை. ஷாடக் கான்பெராவுக்குத் திரும்பிய பின், லிசாவுக்காக உருவான கட்டமானியின், அதாவது ஒளியலையின் கட்டத்தைத் துல்லியமாகப் பின்தொடரும் கருவியின், தொழில்நுட்பத்திலிருந்து 2014-இல் லிக்விட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்னும் நிறுவனம் பிறந்தது. மோக்கு என்ற பெயரில் அது விற்கும் அளவைக் கருவிகள் இன்று பல ஆய்வகங்களில் உள்ளன. 2018-இல் ஏவப்பட்ட கிரேஸ் ஃபாலோ-ஆன் என்னும் இரட்டைக் கலத் திட்டம், ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் லேசரால் தொலைவை அளந்து பூமியின் நிலத்தடி நீரும் பனிப்படலமும் குறைவதைக் கணிக்கிறது; அந்த லேசர் அளவியின் வடிவமைப்பிலும் கான்பெரா குழுவுக்குப் பங்கு உண்டு. விண்கலங்களுக்கிடையே லேசர் குறுக்கீட்டை முதன்முதலில் செய்து காட்டியது ஈர்ப்பலைத் திட்டம் அல்ல, இந்த நீர்க்கணக்குத் திட்டமே என்பது பலரும் கவனிக்காத செய்தி. வங்கி, காப்பீடு, மருத்துவத் தரவு எனப் பிற துறைகளுக்குச் செல்வோரும் உண்டு; அரைகுறைத் தரவிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற பயிற்சிக்கு அங்கும் மதிப்பு இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து இத்துறையை எட்ட நினைப்பவருக்கு வழி மெல்பர்னில் தொடங்க வேண்டியதில்லை. சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் கே. ஜி. அருண், பெருங்கருந்துளைகள் இணைவதை லிசா எவ்வளவு துல்லியமாக அளக்க முடியும் என்பதை 2006-லேயே ஆராய்ந்தவர். தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் மஞ்சரி பாக்சி, இந்தியத் துடிப்பு விண்மீன் கால வரிசைக் குழுவில் பணியாற்றுகிறார். புனேக்கு அருகிலுள்ள பெருமீட்டர் அலைத் தொலைநோக்கியோடு உதகை ரேடியோத் தொலைநோக்கியையும் பயன்படுத்தித் தொடங்கிய அக்குழு, குறைந்த அதிர்வெண்களில் கவனிப்பதால் விண்மீனிடை மின்மங்களின் இரைச்சலை மற்றவர்களைவிட நன்றாக அளக்கக்கூடியது. 2023-இல் ஐரோப்பியக் குழு தன் முடிவை வெளியிட்டது இந்தியக் குழுவோடு சேர்ந்துதான். ஸ்வின்பர்னில் முனைவர் பட்டம் பெற்ற விவேக் வெங்கட்ராமன் கிருஷ்ணன், பார்க்ஸ், மொலாங்லோ தொலைநோக்கிகளின் இருபது ஆண்டுத் தரவைக் கொண்டு, 4.7 மணி நேரத்துக்கு ஒருமுறை தன் துணையைச் சுற்றும் ஒரு துடிப்பு விண்மீனை ஆராய்ந்து, அத்துணையான, வேகமாகச் சுழலும் வெள்ளைக் குள்ளன் காலவெளியையே தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது என்று 2020-இல் நிறுவினார். அந்த இணை வெளியிடும் ஈர்ப்பலையின் அதிர்வெண் லிசா கேட்கத் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், துடிப்பு விண்மீன் ஆய்வும் விண்வெளிக் கருவியும் தனித்தனித் துறைகள் என்ற எண்ணம் நிலைக்காது.

மெல்பர்ன் ஆய்வாளர்கள் அந்த எண்ணத்தை ஏற்கெனவே கைவிட்டுவிட்டார்கள். மோனாஷின் மைக் லாவ், இல்யா மாண்டல் முதலியோர், விண்மீன் இணைகளின் பரிணாமத்தைப் பாவனை செய்யும் காம்பஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு, நான்கு ஆண்டுகளில் பால்வீதியில் ஏறத்தாழ 35 நியூட்ரான் விண்மீன் இணைகளை லிசா கண்டறியும் என்று 2020-இல் கணித்தனர். அதே ஆண்டில் திரேன், ஸ்டெஃபன் ஓஸ்லோவ்ஸ்கி, லாஸ்கி மூவரும், லிசா ஓர் இணையின் இடத்தைச் சுட்டிய பின், ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்பட்டுவரும் சதுரக் கிலோமீட்டர் அணி என்னும் ரேடியோத் தொலைநோக்கியால் அதே இடத்தில் துடிப்பைத் தேடினால், பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஒன்றையொன்று சுற்றும் விண்மீன்களைப் பிடிக்கலாம் என்றும், அவ்வாறு பிடித்தால் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை இதுவரை இல்லாத கடுமையோடு சோதிக்கலாம் என்றும் எழுதினர். அத்தேடலை நடத்துபவருக்கு லிசாவின் முழுமைப் பொருத்தமும் தெரிந்திருக்க வேண்டும், துடிப்பு நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே முனைவர் பட்டத்தில் சொல்லித்தரும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் அமையும் அந்த அணியின் 1,31,072 அலைவாங்கிகளுள் முதல் 1,024 மட்டும் சேர்ந்து எடுத்த முதற்படம் 2025 மார்ச்சில் வெளிவந்தது. அணி நிறைவடைந்து, லிசாவும் தன் பாதையை அடைந்து, இரண்டின் தரவும் ஒரே மேசைக்கு வரும்போது அங்கே அமர்ந்திருக்க வேண்டியவர்கள் இப்போது பள்ளி இறுதி வகுப்புகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.